உப்புக்காற்றுக்கு எந்த பேட்டரி சைக்கிள்?

ராமநாதபுரத்தில் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். பேட்டரி சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தேவிபட்டினத்தில் இருந்து ராமநாதபுரத்துக்கு வேலைக்கு வருகிறேன் அண்ணே. போக வர 30 கிலோமீட்டர். ஒரு சார்ஜுக்கு 40 ஓடும் என்கிறார்கள். நம்பலாமா?

அந்த 40, காற்றில்லாத நாளில் ஒல்லியான ஆள் விடாமல் மிதித்தால் வரும் கணக்கு தங்கச்சி. பேட்டரியில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-அவர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், 270 வாட்-அவர். மிதித்துக்கொண்டே ஓட்டினால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-அவர் செலவாகும், அதாவது 27 கிலோமீட்டர். மிதிக்காமல் கைப்பிடித் திராட்டிலை மட்டும் முறுக்கினால் 15 வரை குடிக்கும், 18 கிலோமீட்டரில் படுத்துவிடும். ஆடியில் கச்சான் காற்று வேறு. காலையில் நீங்கள் வரும்போது அது நேர் எதிரே நிற்கும். உங்களுக்கு 14 ஆம்பியர்-அவர் பேட்டரி வேண்டும். பட்ஜெட் இடிக்கிறதென்றால் 10 போதும், ஆனால் வேலை செய்யும் இடத்தில் சார்ஜ் போட அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். அரை யூனிட் கூட ஆகாது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பையன் பத்தாவது படிக்கிறான். லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸும் வேண்டாம், பதிவெண்ணும் வேண்டாம். ஒரு ஒயரைக் கழற்றி 35 ஓட வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம் அது சட்டப்படி சைக்கிள் இல்லை.

பெடல் அச்சில் பொருத்தும் மிட்-டிரைவ் மோட்டாருக்குக் காசு சேர்க்கிறேன். சரிதானே?

மலை ஏறுகிறவனுக்குச் சரி தம்பி. நம்ம பக்கம் ஏற்றம் என்றால் பாம்பன் ரோட்டுப் பாலம்தான். பின் சக்கர ஹப் மோட்டார் போதும். மிஞ்சும் காசை நல்ல டிஸ்க் பிரேக்கில் போடுங்கள்.

மண்டபத்தில் கடலை ஒட்டி வீடு. துரு பிடிக்குமே, என்ன செய்ய?

பிடிக்கும். இரும்பு ஃபிரேம் வேண்டாம், அலுமினியம் எடுங்கள். அலுமினியமும் தப்பாது: சீட் கம்பியைக் கிரீஸ் தடவாமல் விட்டால் உள்ளேயே இறுகிவிடும், ஒரு வண்டியில் அதைக் கழற்ற எனக்கு அரை நாள் போனது. தூசி, தண்ணீர் புகாது என்பதற்கான ஐபி67 குறி போட்டிருக்கிறதே என்று கடல் தண்ணீரில் இறக்காதீர்கள். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது.

என் முதல் வண்டியை நானே கெடுத்தேன். தனுஷ்கோடி போய் வந்த மணலைக் கழுவ, கார் கழுவும் பிரஷர் பைப்பைப் பிடித்தேன். இரண்டு நாளில் டிஸ்ப்ளே செத்துப்போனது. மோட்டார் கனெக்டரைப் பிரித்தால் பின் எல்லாம் பச்சை பூத்து நிற்கிறது. இப்போது ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. மாதம் ஒருமுறை கனெக்டரில் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (கரன்ட் கடத்தாத, ஈரம் புக விடாத கிரீஸ்), செயினுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய்.

பனங்காட்டு மணல் பாதையில் தோட்டத்துக்குப் போக வேண்டும். நாலு இஞ்ச் டயர் வண்டி வாங்கலாமா அண்ணே?

பார்க்க ஜம்மென்று இருக்கும், 250 வாட் மோட்டார் அதை இழுக்க முக்கும். வழியில் பாதி தார் ரோடு என்றால் 2.4 இஞ்ச் டயர் போதும். மணல் வந்ததும் காற்றை 25 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள். பொலபொலவென்ற மணலில் இறங்கித் தள்ளுவதுதான் வழி, நானும் தள்ளுகிறேன்.

மணலைவிடச் சீமைக்கருவேல முள்தான் எதிரி. ஹப் மோட்டார் சக்கரத்தைக் கழற்றுவது சாதாரண சைக்கிள் மாதிரி இல்லை, ஒயரைப் பிரித்து, ஆக்சில் நட்டைத் தளர்த்த வேண்டும். அதனால் சக்கரத்தைக் கழற்றாமலே டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டச் சொல்லுங்கள். உள்ளே குத்தி நிற்கும் முள்ளை விரலால் தடவி எடுத்தார்களா என்று கூடவே நின்று பாருங்கள். டியூபில் முதலிலேயே, ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிவிட்டால் பாதித் தொல்லை இல்லை.

காக்கா (எங்க ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்), கீழக்கரையில் இருந்து கேட்கிறேன். அடுத்த மாதம் துபாய் போய் எட்டு மாதம் கழித்துத்தான் வருவேன். வண்டியை என்ன செய்ய?

பேட்டரியை முழுதாக ஏற்றியும் வைக்காதீர்கள் தம்பி, காலியாகவும் விடாதீர்கள். பாதி இருக்கும்போது கழற்றி, வெயில் படாத அறையில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, இறங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றச் சொல்லி வீட்டில் யாரிடமாவது பொறுப்பைக் கொடுங்கள். சார்ஜரைப் பெட்டியில் போட்டுத் துபாய்க்குக் கொண்டுபோய்விடாதீர்கள், போன வருடம் ஒருவர் அப்படித்தான் செய்தார்.