தந்தைவழியும் வீட்டுவழியும்

அன்புள்ள ஐயா,

நான் குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டிப் பக்கம். எங்களுடையது பழைய மருமக்கவழிக் குடும்பம். என் மகன் எச்சில் மாதிரி அனுப்பி மரபணுச் சோதனை செய்தான். தந்தைவழி ‘எல்’ என்று வந்தது. பக்கத்து வீட்டு மலையாளி நண்பருக்கு ‘ஆர்1ஏ’. நாம்தான் பூர்வகுடி, அவர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்று வீட்டில் ஒரே பேச்சு. இது சரியா? இதை வைத்துக் குடும்ப வரலாறு எழுதலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சரியில்லை. இதை மட்டும் வைத்து எழுதவும் வேண்டாம்.

ஆண்களிடம் மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரும்பாலும் அப்படியே போகிறது. எப்போதாவது ஓர் இடத்தில் சிறு மாற்றம் விழும். பிறகு அந்த வழியில் வரும் ஆண்கள் எல்லோரிடமும் அது இருக்கும். எல், எச், ஆர்1ஏ என்று கிளை பிரிப்பது அதை வைத்துத்தான். ஆனால் பத்துத் தலைமுறை பின்னால், ஏறக்குறைய திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்துக்குப் போனால், உங்கள் மகனுக்கு மூதாதையர் இடங்கள் 1024. ஒய் சொல்வது அதில் ஒரே ஓர் ஆணைப் பற்றி.

அப்புறம், இந்தக் கிளைகள் எதுவும் ஒரு சமூகத்துக்குப் பட்டா போட்டுக் கொடுத்தவை அல்ல. உங்கள் ‘எல்’ பலூச்சிஸ்தானிலும் கணிசமாக உண்டு. ஆர்1ஏவின் ஆசியக் கிளை வடக்கே யூரேசியப் புல்வெளியில் ஆடுமாடு மேய்த்தவர்களோடு இந்தியாவுக்கு வந்தது என்பதே இன்று பல ஆய்வாளர்களின் முடிவு. ஆனால் 2003இல் வந்த ஓர் ஆய்வு, ஆந்திராவின் செஞ்சு மக்களிடையே சோதித்த ஆண்களில் கால்வாசிப் பேருக்கு ஆர்1ஏ இருப்பதைக் காட்டியது. நல்லமலைக் காட்டில் வேட்டையாடி, கிழங்கெடுத்து வாழ்ந்தவர்களை வடக்கத்தியர் என்று யார் சொல்வார்கள்?

தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1680 ஆண்களை வைத்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் பங்கெடுத்த ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. மலைக்குடிகளிடமும் சமவெளிக்காரர்களிடமும் கிளைகள் பெரும்பாலும் பொதுவாகவே இருந்தன, விகிதம்தான் வேறு. அந்த வேறுபாடும் முதன்மையாகப் பிழைப்பு முறையைத்தான் ஒட்டி வந்தது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் பெண் கொடுத்து எடுக்காமல் வாழ்ந்ததால் விகிதங்கள் விலகின. முதலில் வந்தவர் யார், பின்னால் வந்தவர் யார் என்பதற்கு அது சான்றாகாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஒருவரை வந்தேறி என்று தள்ளுவதற்கு நம் ஊரில் ஏற்கெனவே காரணங்கள் போதும், அறிவியலின் பெயரால் இன்னொன்று வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் மருமக்கவழி. அந்த முறையில் வீட்டுக்கு வாரிசு குடும்பத் தலைவரான காரணவரின் மகன் அல்ல, அவர் சகோதரியின் மகன். மாமனுக்கு ஒரு ஒய், மருமகனுக்கு அவன் தகப்பன் கொடுத்த வேறொரு ஒய். தலைமுறைதோறும் வெளியிலிருந்து ஒன்று வந்து சேரும். ஆகவே அந்த வீட்டுக்கு என்று ஒரு தந்தைவழியே இல்லை. கேரளத்தில் இது இன்னும் சிக்கல். நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகன் மட்டுமே சொந்தச் சமூகத்தில் மணந்தார். இளையவர்கள் நாயர் தறவாடுகளில், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்பங்களில், ‘சம்பந்தம்’ என்ற மண உறவு வைத்தார்கள், பிள்ளைகள் தாய்வீட்டைச் சேர்ந்தார்கள். இல்லத்திலும் தறவாட்டிலும் ஒரே ஒய் இருக்கலாம், சாதி மட்டும் வேறு. உங்கள் நண்பரின் ஆர்1ஏ எந்தப் பாட்டனிடமிருந்து வந்தது என்பதை அந்த எழுத்து சொல்லாது.

குடும்ப வரலாறுதான் நோக்கம் என்றால் தாய்வழிச் சோதனை செய்யுங்கள். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும். மாமனுக்கும் மருமகனுக்கும் அது ஒன்றே. முதலில் உங்கள் வீட்டுப் பெயர் எந்தப் பாட்டி வழியாக வந்தது என்று கண்டுபிடியுங்கள். அந்தப் பாட்டியின் மகள்வழியில் வந்த யாராவது எச்சில் கொடுக்க வேண்டும். உங்கள் மகனுடையது உதவாது, அதில் இருப்பது உங்கள் மனைவியின் தாய்வழி. அந்தப் பாட்டி உங்கள் அப்பாவின் அம்மாவாக இருந்து, நீங்கள் சொந்த அத்தை மகளைக் கட்டியிருந்தால் மட்டும் உங்கள் மகனுடையதே போதும்.