புனைவில்லாமல் எழுத எங்கள் ஊரில் என்ன இருக்கிறது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ப்ளஸ் ஒன் படிக்கிறேன். இளைஞர்களுக்கான எழுத்துப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. கதை, கவிதை கூடாது. உண்மையாக நடந்தது, உண்மையாக இருப்பது மட்டும்தான். 1500 சொற்கள். எங்கள் ஊரில் எழுத அப்படி என்ன இருக்கிறது? எப்படித் தொடங்குவது?

கட்டாயம் கலந்துகொள்ளுங்கள். நான் நீலகிரியில் தமிழாசிரியர். இந்த மாதிரிப் போட்டிகளுக்கு வரும் கட்டுரைகளைப் படித்துத் தேர்வு செய்யும் வேலை அடிக்கடி என்னிடம் வரும். அதை வைத்துச் சொல்கிறேன்.

வருகிற கட்டுரைகளில் பெரும்பாலானவை ‘மலைகளின் அரசி’ என்றுதான் தொடங்கும். அப்புறம் கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் 1819-ல் ஊட்டியைக் கண்டுபிடித்தார், மலை ரயில் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், நன்றி. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று நாங்கள் பழக்கிய கை அது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. ஆனால் இந்த மலையில் கால் வைக்காத ஒருவரும் அந்தக் கட்டுரையை எழுதிவிடலாம். அதுதான் அதன் குறை.

அந்தச் சல்லிவனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் பங்களா கட்டியது உங்கள் கோத்தகிரிக்குப் பக்கத்தில், கன்னேரிமுக்கில். அவர் வந்ததற்கு முந்தைய வருடம், 1818-லேயே, அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மேலே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் எல்லாரும் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இங்கே வாழ்கிறார்கள். ஆள் இருக்கிற ஊரை யார் கண்டுபிடிப்பது? அந்தப் பங்களா இப்போது நினைவகமாக இருக்கிறது. பஸ் ஏறிப் போய் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்து, கண்ணில் பட்டதை மட்டும் எழுதினாலே, இணையத்திலிருந்து எடுத்து எழுதியவர்களைத் தாண்டிவிடுவீர்கள்.

அதைவிட நல்ல விஷயம் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அரை ஏக்கர் தேயிலை இருக்கிறதா? பச்சைத் தேயிலைக்கு மாதா மாதம் மாவட்ட சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. உங்கள் வீட்டுக்கு பாக்டரி என்ன விலை கொடுத்தது? பில் எல்லாம் ஆணியில் குத்தி வைத்திருப்பார்கள். எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். அறிவித்த விலை ஒரு பக்கம், கைக்கு வந்தது ஒரு பக்கம். மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கிறது என்று எவ்வளவு கழித்தார்கள்? பறிக்கிற கூலி, உரம், வண்டி வாடகை போக என்ன மிச்சம்? ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் கடையில் வாங்கும் பாக்கெட்டின் விலையோடும் ஒப்பிடலாம். அப்பாவிடம் கேளுங்கள், இலை எடுக்க வரும் ஏஜென்ட்டிடமும் கேளுங்கள். அவர் பக்கத்து நியாயமும் கட்டுரையில் வர வேண்டும். இதை ஒரு மாணவர் ஒழுங்காக எழுதி வந்தால் நான் எழுந்து நின்று படிப்பேன்.

இன்னொன்று, என் மனதை விட்டுப் போகாத ஒரு கட்டுரை. பந்தலூர் பக்கத்திலிருந்து வந்தது. தாயகம் திரும்பியோர் குடும்பத்துப் பெண் எழுதியது. இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் 1964 அக்டோபர் 30-ல் போட்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு வருவதாக முடிவானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம், இன்றைய டான்டீ, நீலகிரியில் தொடங்கியது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அந்தப் பெண் வைத்திருந்தது பாட்டியின் பெட்டியிலிருந்த, தாயகம் திரும்பியோருக்கு அரசு கொடுத்த குடும்ப அட்டை.

“உங்க பெரியப்பாவைக் கையில தூக்கிட்டுத்தான் கப்பல்ல ஏறினேன்” என்று பாட்டி சொல்லியிருக்கிறார். அட்டையில் பெரியப்பாவுக்கு வயது ஆறு. ஆறு வயதுப் பையனை யாராவது தூக்கிக்கொண்டு வருவார்களா? பாட்டிக்கு ஞாபகம் பிசகிவிட்டது என்று விட்டிருக்கலாம். அல்லது அட்டையைப் பார்க்காத மாதிரி கைக்குழந்தை என்றே எழுதியிருக்கலாம். படிக்க உருக்கமாகவும் இருந்திருக்கும். அந்தப் பெண் அட்டையைக் கொண்டுபோய்ப் பாட்டியிடமே காட்டிக் கேட்டாள். “ஆறு வயசுதான். காய்ச்சல்ல கிடந்தான். தலைமன்னார்ல இருந்து மண்டபம் கேம்ப் வரைக்கும் இறக்கவே இல்ல. கேம்ப்ல கஞ்சி வாங்கிக் கொடுத்த அப்புறந்தான் கண்ணு முழிச்சான்” என்றார் பாட்டி. அதுவரை வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. பாட்டி சொன்னதும் சரி, அட்டையில் இருந்ததும் சரி. இரண்டும் மோதிய இடத்தில் கேட்ட ஒரு கேள்விதான் அந்தக் கட்டுரையைத் தூக்கி நிறுத்தியது. பள்ளி முழுக்க அதைப் படிக்கக் கொடுத்தேன்.

சரிபார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான். அதே ஒப்பந்தத்தில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் இறங்கியதாக எழுதுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டது. அதன் பிறகு தலைமன்னாரிலிருந்து கப்பல் வந்தது ராமேஸ்வரத்துக்கு. மலை ரயில் 1908-ல் தொடங்கியது என்று எழுதுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லேயே வண்டி ஓடியது. ஊட்டி வரை நீண்டதுதான் 1908. இப்படி ஒரு வருடம் தப்பாக இருந்தால், அடுத்த பக்கத்தில் நீங்கள் பாடுபட்டுத் திரட்டியதையும் படிப்பவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

தெரியாததை இட்டுக்கட்ட வேண்டாம். தாத்தா அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லையென்றால் சட்டையே வேண்டாம். பேசாத பேச்சை மேற்கோள் குறிக்குள் போடவே கூடாது. பேசினதை, பேசின மாதிரியே போடுங்கள். பாட்டியின் பேச்சைச் செந்தமிழாக்க வேண்டிய அவசியம் இல்லை. போனில் பதிவு செய்துகொண்டால் பிறகு திரும்பக் கேட்டு எழுதலாம், ஆனால் பதிவு செய்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பழங்குடி மக்களைப் பற்றி எழுத நினைத்தால் ஒரு வார்த்தை. மந்துக்கு (தோடர் குடியிருப்புக்கு) வெளியே நின்று போட்டோ எடுத்துவிட்டு ‘விசித்திரமான பழக்கங்கள்’ என்று எழுதுவது எனக்குப் பிடிக்காது, பரிசுக்கும் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உங்கள் வகுப்பில் தோடர், இருளர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள்தான் எழுதுவதென்றால் கேட்டு, அனுமதி வாங்கி, எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள். வீட்டுக்காரர்களைப் பற்றி எழுதினாலும் இதே முறைதான். கடன், குடி, சண்டை என்று வீட்டு விஷயம் வெளியே போகிறதென்றால் சம்பந்தப்பட்டவர் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அதை எடுத்துவிட வேண்டியதுதான், எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும்.

எப்படித் தொடங்குவது என்று கேட்டீர்கள். பில்களையோ அட்டையையோ முன்னால் வைத்துக்கொண்டு அதில் என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வரலாறு தேவைப்படும் இடத்தில் நடுவே வந்து சேரும். 1500 சொல் என்பது குறைவு. தேயிலையும் யானையும் ரயிலும் ஒன்றாக அதில் அடங்காது. ஒன்றே போதும்.

பழைய புள்ளிவிவரம் வேண்டுமென்றால் 1908-ல் வந்த நீலகிரி மாவட்ட கெசட்டியரை, அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பை, தேடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இருக்கும், ஆங்கில ஆசிரியரை உட்கார வைத்துப் படித்துவிடலாம்.

அனுப்பும்போது பில், அட்டை, பழைய போட்டோ எதுவானாலும் நகலை மட்டும் இணையுங்கள். மூலத்தை வீட்டை விட்டு வெளியே கொடுக்காதீர்கள், யார் கேட்டாலும். எழுதி முடித்ததும் வகுப்பில் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் தடுமாறுகிற வரியை மாற்றிவிட்டு அனுப்புங்கள். பரிசு வந்தாலும் வராவிட்டாலும் இங்கே பகிருங்கள், நான் படிக்கிறேன்.