பி.காம்., பி.பி.ஏ. சேர்த்த பெற்றோருக்கு: உதவி எங்கே இருக்கிறது, எங்கே நழுவுகிறது

பிள்ளையை பி.காம். அல்லது பி.பி.ஏ.யில் சேர்த்த கையோடு, "மூன்றாம் வருஷம் பிளேஸ்மென்ட் உண்டா?" என்று விசாரிக்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முதல் செமஸ்டரிலேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்க வேண்டியவை வேறு: உதவித்தொகைப் பிரிவை யார் பார்க்கிறார்? யுஎம்ஐஎஸ் எண் (கல்லூரி மாணவருக்கு அரசு தரும் பதிவெண்) வந்துவிட்டதா? பிள்ளை சேர்ந்திருப்பது உதவிபெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலை படிக்கும் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்பு மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பு கிடையாது. ஆனால் பெயர்பெற்ற உதவிபெறும் கல்லூரிகளிலும் பி.பி.ஏ., பி.காம். சி.ஏ. (கணினிப் பயன்பாடு) போன்றவை பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில்தான் நடக்கின்றன. வாசல் ஒன்று, கணக்கு வேறு. கட்டண ரசீதைப் பார்த்தாலே எந்தப் பிரிவு என்று தெரிந்துவிடும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவருக்கு மாதம் ரூ.1,000 உண்டு. மாணவியருக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம். விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். பள்ளி விவரத்தை எமிஸ் எண்ணை (பள்ளி மாணவருக்கு அரசு தரும் பதிவெண்) வைத்துச் சரிபார்ப்பார்கள். ஆகவே அந்த எண்ணைப் பழைய பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறியவர்களும் இதில் வருவார்கள். "தனியாரில் படித்த பிள்ளைக்கு வராது" என்று யாராவது சொன்னால் அப்படியே திரும்பிவிடாதீர்கள். தொலைநிலைக் கல்விக்கு மட்டும் இது இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் என்றால் மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையையும் பாருங்கள். இளங்கலைக்கு ஆண்டுக்கு ரூ.12,000, குடும்ப ஆண்டு வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இதில் கேட்பது 80 சதவீத மதிப்பெண் அல்ல, அந்தத் தேர்வு வாரியத்தில் 80ஆவது பெர்சென்டைலுக்கு மேல், அதாவது முதல் 20 சதவீதம் பேருக்குள் இருப்பது. வேறு அரசு உதவித்தொகை வாங்குபவர் இதையும் சேர்த்து வாங்க முடியாது. எது லாபம் என்று முதலிலேயே கூட்டிப் பார்த்து ஒன்றை முடிவு செய்யுங்கள். தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்ததோடு வேலை முடியவில்லை. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் கடைசித் தேதிக்குள் சரிபார்த்து அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அடுத்த ஆண்டுப் புதுப்பித்தலுக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். பி.பி.ஏ. மாணவியருக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் சரஸ்வதி உதவித்தொகை தனி. அது ஆண்டுக்கு ரூ.25,000, கல்லூரிக்கு ஏஐசிடிஇ அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள்.

இனி, ஒப்புதல் கிடைத்தும் பணம் வராத கதை. உதவித்தொகை விசாரணைகளில் பாதி இங்கேதான் வந்து நிற்கும். வங்கியில் "ஆதார் லிங்க் ஆகிவிட்டது" என்பார்கள். அது கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காக எண்ணைப் பதிந்துகொண்டது. அரசுப் பணம் வர, அந்தக் கணக்கு என்பிசிஐ (தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம்) பதிவேட்டில் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். சீடிங் என்பது அதுதான். மைஆதார் தளத்தில் பிள்ளையின் ஆதார் எண்ணைக் கொடுத்து, ஓடிபி போட்டு, பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ் என்ற இடத்தைத் திறந்தால் எந்த வங்கி, ஆக்டிவா இன்ஆக்டிவா, எந்தத் தேதியில் என்று மூன்றும் தெரியும். அங்கே காட்டும் வங்கிக்குத்தான் பணம் போகும், நீங்கள் எந்தப் பாஸ்புக்கின் நகலைக் கொடுத்திருந்தாலும் சரி. பிறகு வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்து அதற்கும் சீடிங் கொடுத்திருந்தால், பணம் கடைசியாக இணைத்த கணக்குக்கு மாறிவிடும். பள்ளி நாளில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு வருஷக்கணக்கில் வரவுசெலவு இல்லாமல் முடங்கியிருந்தால், கிளைக்குப் போய் கேஒய்சியைப் புதுப்பித்து, சீடிங்கிற்குத் தனியாகப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதாரில் இருக்கும் கைபேசி எண் பழையது என்றால் ஓடிபியே வராது. அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

இன்னொரு தொல்லை இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாக. மதிப்பெண் பட்டியலை மாற்றுவது பெரும்பாடு. ஆதாரையும் வங்கியையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்வது சுலபம். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். இ-சேவை மையத்தில் ரூ.60 கட்டி ஜூன் மாதமே விண்ணப்பித்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசியது போதும், படிப்புக்கு வருவோம். சி.ஏ. (பட்டயக் கணக்காளர்) ஆகும் எண்ணம் இருந்தால் வழி இரண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஃபவுண்டேஷன் என்ற முதல் நிலைத் தேர்வை எழுதலாம். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். பிந்திய இரண்டும் கொள்குறித் தாள்கள், தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். அல்லது வணிகவியல் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்து நேரடியாக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டுக்குப் பதியலாம். முதல் செமஸ்டரில் கணக்குப்பதிவியல் திணறுகிற பிள்ளையைக் கல்லூரி, ஃபவுண்டேஷன் வகுப்பு, டேலி (கணக்கு மென்பொருள்) வகுப்பு என்று மூன்று பக்கமும் இழுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாவது வழியும் கௌரவமான வழிதான். ஆனால் அந்த 55 சதவீதத்தை முதல் செமஸ்டரிலிருந்தே காக்க வேண்டும். சி.எம்.ஏ. என்ற அடக்கவிலைக் கணக்காளர் படிப்பில் பட்டதாரிகளுக்கு ஃபவுண்டேஷன் தேவையில்லை.

அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சி வகுப்புகளைப் பல பிள்ளைகள் வருகைக்காக உட்கார்ந்து கடத்துகிறார்கள். கணினியில் செய்துபார்க்கும் பாடம் என்றால் அதை வீணாக்க வேண்டாம். டேலி சான்றிதழைவிட, ஜிஎஸ்டி வேலை பார்க்கும் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டாம் ஆண்டு விடுமுறையைக் கழிப்பது கூடுதலாகக் கற்றுத்தரும். மாத விற்பனை விவரம் 11ஆம் தேதிக்குள், 3பி என்ற மாத வரிக் கணக்கு 20ஆம் தேதிக்குள் என்று ஓடும் அலுவலகத்தில், பில் எண் ஒன்று மாறினாலும் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவு) வரவில்லை என்று போன் வரும். அந்தப் போனை எடுத்துப் பதில் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு நேர்முகத் தேர்வில் பேச விஷயம் இருக்கும்.

அரியர் ஒன்று இருந்தாலும் இறுதி ஆண்டில் கதவுகள் அடைபடும். வங்கித் தேர்வு அறிவிப்பில் குறிப்பிட்ட தேதிக்குள் பட்ட முடிவு வந்திருக்க வேண்டும். ஒரு தாள் நிலுவை என்றாலும் அந்தச் சுற்று போயிற்று. பட்டம் வந்ததும் வேலை அமையாவிட்டால், தரமணியில் உள்ள தொழில்பழகுநர் (அப்ரென்டிஸ்) பயிற்சி வாரியத்தின் நாட்ஸ் தளத்தில் பதிவு செய்யுங்கள். அது பொறியியல் பிள்ளைகளுக்கு மட்டும் என்பது தப்பான எண்ணம், பி.காம்., பி.பி.ஏ. பட்டதாரிகளையும் நிறுவனங்கள் எடுக்கின்றன. பயிற்சிக் காலத்தில் தரும் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்கிறது. அதுவும் ஆதார் இணைந்த கணக்குக்கே வரும் என்பதால், பதிவுக்கு முன் சீடிங் நிலையை மறுபடி ஒருமுறை திறந்து பார்த்துவிடச் சொல்லுங்கள்.