மறுமொழி: எண்ணெய் பாய்லருக்குப் பதில் எது?

வணக்கம். வீட்டைச் சூடாக்க ஆண்டுக்கு 2,000 லிட்டர் எண்ணெய் குடிக்கும் பழைய பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுத்துத் தரும் கருவி), பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த எரிகட்டி) பாய்லர், மின் பாய்லர் மூன்றில் எதைப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். யாரிடமும் விலை கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள்.

நல்ல குளிர் நாளில் பாய்லர் தண்ணீரை 50 டிகிரிக்கு இறக்கி, ரேடியேட்டர் (அந்தச் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் தகடு) வால்வுகளை முழுதாகத் திறந்து, இரவு பகலாக ஓடவிடுங்கள். தண்ணீர் சூடு குறைவாக இருந்தால்தான் ஹீட் பம்ப் சிக்கனமாக ஓடும்; அதனால் எல்லா அறையும் 20 டிகிரியில் நின்றால் அதைத் தாராளமாகப் போடலாம். ஓரிரு அறை மட்டும் குளிர்ந்தால் அங்கே மட்டும் பெரிய ரேடியேட்டர் போதும். ஒரு ரேடியேட்டர் 70 டிகிரித் தண்ணீரில் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதிதான் 50-ல் கிடைக்கும். சோதனையை இரண்டு மூன்று நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். பழைய பாய்லரில் புகை குளிர்ந்து அமிலநீராகப் படிந்து இரும்பை அரித்துவிடும்.

ஒரு லிட்டர் எண்ணெயில் 10 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம், பாய்லர் திறன் 85% என்று வைத்தால் உங்கள் வீட்டுக்குத் தேவை 17,000 யூனிட் வெப்பம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தரும் ஹீட் பம்புக்குச் சுமார் 5,700 யூனிட் மின்சாரம் ஆகும். மின் பாய்லருக்கு முழு 17,000. அதை மறந்துவிடுங்கள். பெல்லட் என்றால் ஆண்டுக்குச் சுமார் 4 டன், ஈரம் புகாத அறை, சாம்பல் அள்ளும் வேலை; சோதனையில் வீடு முழுக்கவே குளிர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

பழைய பாய்லர் 25 கிலோவாட் என்பதற்காக ஹீட் பம்பையும் அதே அளவில் தலையில் கட்டப் பார்ப்பார்கள், சம்மதிக்காதீர்கள். நீங்கள் எரிக்கும் எண்ணெய் அளவுக்கு 8 கிலோவாட்டை ஒட்டித்தான் வரும். அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். அளவு மிஞ்சினால் அடிக்கடி நின்று நின்று ஓடி கம்ப்ரசர் சீக்கிரம் தேயும்.