ஊசிக்கு முன்னால் ஒரு ஸ்கேன்

கேள்வி: எனக்கு வயது 56. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஐந்து வாரங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து வலது தோளில் அடிபட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபினாக் வலி மாத்திரையை அன்று முதல் தினமும் இரண்டு வேளை சாப்பிடுகிறேன். எண்ணெய் போட்டு உருவியும் பார்த்தாயிற்று. நானாகக் கையைத் தூக்கினால் நெஞ்சு உயரத்துக்குக்கூட வருவதில்லை. மனைவி பிடித்துத் தூக்கினால் காது வரை போகிறது. தோளில் சொடுக்குச் சத்தம் கேட்கிறது. கழுத்தில் தேய்மானம் என்றும் சொல்கிறார்கள். எலும்பு டாக்டர் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்கிறார். கிட்னி போய்விடும், எலும்பு கரைந்துவிடும், ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போட வேண்டும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ‘மனைவி பிடித்துத் தூக்கினால் காது வரை போகிறது’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியைத் தாண்டவில்லை. ஊசியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் இது.

தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பும் நான்கு தசைகள், கை எலும்பின் உருண்டைத் தலையைத் தொப்பி போலக் கவ்விப் பிடித்திருக்கின்றன. ரொட்டேட்டர் கஃப் என்பது இதைத்தான். பேச்சில் ‘ஜவ்வு’ என்கிறோமே, இந்தத் தசைகளை எலும்போடு கட்டிவைக்கும் அந்தத் தசைநாண்கள்தான் கையைத் தூக்கவும் திருப்பவும் உதவுகின்றன. ஐம்பது வயதுக்கு மேல் இவை கொஞ்சம் நைந்திருக்கும். அந்த நிலையில் கீழே விழுந்தால் ஒரே இழுப்பில் கிழிந்துவிடக்கூடும். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், இது தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல், அப்படியானால் ஒன்றுமில்லை’ என்று நினைத்து மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் சலித்துப்போயிருக்கிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருவது தோள் இறுக்கம், அதாவது ஃப்ரோசன் ஷோல்டர். அதில் நீங்கள் தூக்கினாலும் கை வராது, அடுத்தவர் தூக்கினாலும் வராது. மூட்டே இறுகிக் கிடக்கும். உங்களுக்கோ மூட்டு தாராளமாக அசைகிறது, தூக்கும் பலம்தான் இல்லை. விழுந்த பிறகு இப்படி ஆனால், ஜவ்வு முழுசாகக் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கிழியாமலே, வெறும் வலியாலும் கை எழாமல் போவதுண்டு. நரம்பு அடிபட்டிருந்தாலும் எழாது. எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. கையைத் தொட்டுப் பார்க்கிற டாக்டரும் ஒரு ஸ்கேனும் வேண்டும்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. அறுந்த தசைநாண் ரப்பர் போல உள்ளே சுருங்கிக்கொண்டே போகும். வேலையில்லாத தசை மெலியும், அதற்குள் கொழுப்பு ஏறும். பிறகு அறுவை சிகிச்சை செய்து தைத்தாலும் அந்தத் தசை பழையபடி ஆவதில்லை. எல்லாக் கிழிசலுக்கும் அறுவை தேவையில்லை; சின்னக் கிழிசல்களும், வயதால் மெல்ல வந்தவையும் பிசியோதெரபியிலேயே நன்றாகத் தேறும். ஆனால் விழுந்ததால் புதிதாக ஏற்பட்ட முழுக் கிழிசல் என்றால், முதல் மூன்று நான்கு மாதங்களுக்குள் தைப்பதுதான் நல்லது. அதில் ஐந்து வாரம் போய்விட்டது.

ஸ்கேன் பார்க்காமல் ஊசி வேண்டாம் என்று நான் சொல்வது இதற்காகத்தான். ஊசி போட்டால் வலி குறையும். குறைந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று பைக்கை எடுப்பீர்கள். வலி திரும்பி வரும்போது தைக்கிற காலம் கடந்திருக்கும். தைக்க வேண்டிய தசைநாண் பக்கத்தில் ஸ்டீராய்டு போடுவது அது ஆறுவதற்கும் நல்லதில்லை. ஊசி போட்ட கொஞ்ச நாளிலேயே அறுவை செய்தால் கிருமித் தொற்றுக்கான வாய்ப்பும் கூடுகிறது. அதனால் பல அறுவை மருத்துவர்கள் ஊசிக்கும் அறுவைக்கும் நடுவில் மாதக்கணக்கில் இடைவெளி கேட்பார்கள். அந்த மாதங்கள் உங்களிடம் இல்லை.

உங்கள் எலும்பு டாக்டர் கையைச் சோதித்துப் பார்த்து, கிழிசல் இல்லை என்று முடிவு செய்த பிறகே ஊசி என்று சொல்லியிருக்கலாம். கடிதத்தில் அது இல்லை. இந்த வாரமே போய், மனைவி தூக்கினால் எவ்வளவு, நீங்களாகத் தூக்கினால் எவ்வளவு என்று அவர் முன்னால் செய்து காட்டுங்கள். ‘ஜவ்வு கிழிந்திருக்குமா, அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. பார்க்கலாமா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். தோளைப் பார்த்துப் பழகியவர் செய்தால் அல்ட்ராசவுண்டே பெரும்பாலும் போதும், செலவும் குறைவு.

சரி, ஸ்கேனில் முழுக் கிழிசல் இல்லை, வெறும் வீக்கம்தான் என்று வந்தால்? பயப்படாமல் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்த விஷம் இல்லை. நம் சிறுநீரகங்களின் தலையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் தினமும் சுரக்கிற கார்டிசால் என்ற ஹார்மோனின் உறவுக்காரன் அது. 1948-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலில் கொடுத்தார்கள். 1950-இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மாத்திரையாக விழுங்கியவர்களுக்கு எலும்பு மெலிந்ததும் முகம் உப்பியதும் உண்மை. கெட்ட பெயர் அங்கிருந்து வந்தது. தோளுக்குள் ஒருமுறை போடும் 40 மில்லிகிராம் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு அந்தக் கதை இல்லை. ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடுகிறார்களே, அது வேறு மருந்து.

கிட்னியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், நல்லது. ஆனால் தினம் இரண்டு வீதம் ஐந்து வாரத்தில் எழுபது டைக்ளோஃபினாக் மாத்திரை விழுங்கியிருக்கிறீர்கள்! எட்டு வருடச் சர்க்கரை நோயாளியின் கிட்னிக்கு ஊசியைவிட அந்த எழுபதுதான் எனக்குக் கவலை தருகிறது. வயிற்றுப் புண்ணுக்கும் ரத்த அழுத்தம் ஏறுவதற்கும்கூட அது காரணமாகும். இன்றே நிறுத்துங்கள். கிட்னி எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள். வலிக்கு பாராசிட்டமால் போதும், அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துக் கடையில் பெயர் தெரியாமல் பிரித்துக் கொடுக்கும் பொட்டலம் எதையும் வாங்காதீர்கள். அதற்குள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊசியில் ஸ்டீராய்டு என்று பயப்படுகிறவரே அதைத் தினமும் தெரியாமல் தின்றுகொண்டிருப்பார்.

ஊசியால் உங்களுக்கு வரக்கூடிய நிஜமான தொல்லை சர்க்கரை ஏறுவது. ஓரிரு நாளில் ஏறி, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடும். அந்த வாரம் காலையும் மாலையும் சுகர் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம், எண்ணைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். ஏற்கெனவே சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தால் முதலில் அதை இறக்கிவிட்டு ஊசி. போட்ட அன்றும் மறுநாளும் வலி கூடுவது சகஜம். அதற்குப் பிறகும் வலி ஏறிக்கொண்டே போய், காய்ச்சலோ தோளில் சிவப்போ வந்தால் மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆயுசுக்கும் போட வேண்டும் என்பது கட்டுக்கதை. ஊசி சில வாரங்கள் வலியைக் குறைத்துக் கொடுக்கும், அந்த வாரங்களில் பிசியோதெரபி செய்து தோளுக்குப் பலம் ஏற்ற வேண்டும். பயிற்சி செய்யாதவர்தான் மறுபடி ஊசி கேட்டு வருவார். ஒரே தோளில் வருடத்துக்கு மூன்றுக்கு மேல் நான் போடுவதில்லை. முதல் ஊசிக்கே பலனில்லை என்றால், இரண்டாவதைப் போடும் முன் நோயை நாங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறோமா என்று யோசிப்பேன்.

சொடுக்குச் சத்தம் வலியில்லாமல் வந்தால் விட்டுவிடுங்கள். கழுத்துத் தேய்மானம் 56 வயதில் எடுத்த எக்ஸ்ரேக்களில் சாதாரணமாகத் தெரிவது. உருவுவதை நிறுத்துங்கள், கிழிந்திருக்கக்கூடிய ஜவ்வை அழுத்தி இழுக்க யாரையும் விடாதீர்கள்.

ஸ்கேன் வரும்வரை தோளுக்கு மேலே கை போகிற வேலையும் கனம் தூக்குவதும் வேண்டாம். ஆனால் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் (ஸ்லிங்) கட்டிவைத்து அசையாமலும் விடாதீர்கள், இறுகிவிடும். ராத்திரி இடது பக்கமாகவோ மல்லாந்தோ படுத்து, வலது முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை கொடுங்கள். கை பின்னால் சரியாமல் இருந்தால் கொஞ்சம் தூக்கம் வரும்.