முதல் ஐகன் மதிப்பு மட்டும் ஏன் ஆடுகிறது?

கேள்வி: கட்டடப் பொறியியல் முதுநிலை மாணவி நான். ஓர் உயரக் கட்டடத்தின் அதிர்வைக் கணக்கிட 12,000 வரிசை கொண்ட சமச்சீர் அணி வைத்திருக்கிறேன். கேமிங் ஜிபியுவில் (வரைகலை அட்டையில்) 32 பிட் ஃப்ளோட்டில் ஓட்டினால், ஐகன் மதிப்புகளில் (அணி தன் ஐகன் வெக்டரைத் திசை மாற்றாமல் எத்தனை மடங்காக்குகிறது என்ற எண்கள்) மிகப் பெரியது (40 லட்சத்துக்குச் சற்றுக் கீழே) ஆறு இலக்கம் வரை சரியாக வருகிறது. எனக்கு வேண்டிய முதல் மதிப்போ, அதாவது மிகச் சிறியது, 38.4 என்கிறது, 64 பிட் டபுளில் 38.9. அடுத்தது 340 அளவில். எல்லாவற்றையும் டபுளுக்கு மாற்றச் சொல்கிறார் வழிகாட்டி. வடிவமைப்பை மாற்றும்போதெல்லாம் அப்படி ஓட்டக் கட்டுப்படியாகாது சார். வேறு வழி உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: உண்டும்மா. ஃப்ளோட்டில் துல்லியத்துக்கு 24 பிட்தான். 40 லட்சத்தை ஒட்டிய எண்களை அது கால் கால் படியாகத்தான் எழுதும்: 39,99,999.75, அடுத்தது 40,00,000. ஐகன் மதிப்பு நிரல்களின் பிழை, அணியின் மிகப் பெரிய மதிப்பின் அளவை ஒட்டியே அமையும். சின்னதற்குத் தனிச் சலுகை கிடையாது. உங்கள் 0.5 வித்தியாசம் இரண்டே படி. லாரி எடைமேடையில் தாலிக்குண்டை நிறுத்திருக்கிறீர்கள்.

வழிகாட்டி சொல்வது தப்பில்லை, வீண்செலவு. என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கேமிங் அட்டைகளில் டபுளின் வேகம் ஃப்ளோட்டில் 64-இல் ஒரு பங்கு. உங்களுக்கு வேண்டியதோ கீழிருந்து பத்துப் பன்னிரண்டு அலைவுகள். மற்றவற்றுக்கெல்லாம் பதினாறு இலக்கம் யார் கேட்டார்கள்?

ஃப்ளோட்டில் வந்த ஐகன் வெக்டரை எடுத்து, டபுளில் நீளத்தை 1 ஆக்கி, அணியால் பெருக்குங்கள். வந்ததை அதே வெக்டரோடு புள்ளிப் பெருக்கல் செய்தால் ராலே விகிதம் கிடைக்கும். சமச்சீர் அணியில் வெக்டரின் பிழை இங்கே வர்க்கமாகச் சுருங்கும். கையாலேயே பார்க்கலாம்: முதல் வரிசை 2, 1, இரண்டாவது 1, 2. ஐகன் மதிப்பு 3, வெக்டர் (1, 1). அதை (1, 0.999) என்று கெடுத்துப் போட்டாலும் விகிதம் 2.9999995!

பெருக்கி வந்த வெக்டரிலிருந்து, விகிதத்தால் பெருக்கிய பழைய வெக்டரைக் கழித்தால் வருவது மீதி. அதன் நீளம் 0.5 என்று வையுங்கள். விகிதத்தின் பிழை, அதன் வர்க்கமான 0.25-ஐ அடுத்த மதிப்பு வரையுள்ள இடைவெளியான 301-ஆல் வகுத்த அளவுக்கு மேல் போகாது; 0.001-க்குள்தான். கட்டடத்துக்கு இது தாராளம்.

இன்னும் இலக்கம் வேண்டுமென்றால், மீதியை டபுளில் கண்டு, திருத்தத்துக்கான சமன்பாட்டை ஃப்ளோட்டில் தீர்த்து, டபுளில் கூட்டுங்கள். நேரியல் சமன்பாடுகளுக்குக் கணிதவியலாளர் வில்கின்சன் 1940-களிலேயே போட்ட வழி. டொங்காரா, மோலர் இருவருடன் சேர்ந்து 1983-இல் ஐகன் மதிப்புக்கும் அதைக் கொண்டுவந்தார்.

மூல அணி மட்டும் டபுளிலேயே இருக்கட்டும். ஃப்ளோட்டாகச் சேமித்துவிட்டால் நீங்கள் திருத்துவது வேறொரு கட்டடத்தை.

இரண்டாம் மதிப்பு 340-இல் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். சதுரத் தளக் கட்டடமானால் இரு திசை அலைவுகளுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு வரும். வகுக்கும் இடைவெளியே காணாமல் போகும். அப்போது இரண்டு வெக்டர்களையும் சேர்த்தே எடுத்து, டபுளில் செங்குத்தாக்கி, அவற்றைக் கொண்டு 2×2 அணி அமைத்து அதன் ஐகன் மதிப்புகளைக் காணுங்கள்.