டிஜிட்டல் ஆல்பத்துக்கு ‘விருப்பமான விலை’ என்றால் என்ன? இசைக்கலைஞர்களுக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது?

ஆல்பத்துக்கு எவ்வளவு தருவது என்பதைப் பாட்டுக் கேட்பவரே முடிவு செய்வதுதான் இது. விலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலிப் பெட்டி இருக்கும். தொகையைப் போட்டுப் பாட்டுகளை இறக்கிக்கொள்ளலாம். சிலர் குறைந்தபட்சம் இவ்வளவு என்று வைப்பார்கள், சிலர் பூஜ்யத்தையும் ஏற்பார்கள்.

கேசட், சிடி காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் செலவு உண்டு. இப்போது ஸ்டுடியோ செலவு முதலிலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் ஆயிரமாவது பிரதிக்குக்கூடக் கிட்டத்தட்ட செலவே இல்லை. அதனால் 20 ரூபாய் தருபவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, 500 தர மனமிருப்பவரை 100 ரூபாயோடு நிறுத்தவும் வேண்டியதில்லை.

மயிலாப்பூர் கபாலி கோயிலில் தீபாராதனைத் தட்டு வருவது போலத்தான். ஒருவர் பத்து ரூபாய் போடுவார், ஒருவர் நூறு, இன்னொருவர் திருநீறு மட்டும் எடுத்துக்கொள்வார். தட்டு எல்லாரிடமும் போகும்.

2007 அக்டோபரில் ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழு ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை இப்படித்தான் வெளியிட்டது. அவர்கள் ஏற்கெனவே உலகப் புகழ் பெற்றவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்! பெசன்ட் நகரில் புதிதாகத் தொடங்கும் ஒரு பேண்டுக்கு முதலில் கிடைப்பது பணத்தைவிடக் கேட்பவர்கள்தான் என்பது என் கணிப்பு. இசைக்கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் விற்றால் டிஜிட்டல் விற்பனையில் பொதுவாக 15 சதவீதம் கமிஷன் போகும்.

ஒன்று: எவ்வளவு கொடுத்தாலும் பாட்டின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது; உங்கள் யூடியூப் வீடியோவில் போடத் தனி அனுமதி வேண்டும்.